மலைமேல் ஏரியில் எள்

1972 ஜனவரி 16, ஞாயிறு. மொன்றியல்.

இன்று காலை நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தொப்பி அணியாமல் வெளியே போவதென்று தீர்மானித்தேன். அம்மாவின் பத்தாம் நாள். மதுரையில் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். எனக்குத் தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எள்ளும் தண்ணீரும் இறைப்பது மட்டும்தான் எனக்கு மிச்சம். அதைத் தலையை மூடிக்கொண்டு செய்யக்கூடாது.

ஆற்றங்கரை முழுக்க உறைந்து கிடக்கிறது. மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போகலாம் என்றாள் என் மனைவி கமலா.

"பழைய எரிமலைன்னு எல்லாரும் சொல்றாங்களே. அடியில கொஞ்சமாவது சூடு இருக்காதாங்க?"

"அது எரிமலையே இல்லைன்னு வருஷா வருஷம் காலேஜ்ல கத்துறேன். வீட்டுக்குள்ள ஒருத்தருக்கும் கேக்கலை."

கத்துகிற நான்தான் முதலில் காரில் ஏறினேன்.

ஏரி முழுவதும் பனிக்கட்டி. குடும்பம் குடும்பமாகச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக மண்டியிட்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி, எள்ளோடு பிளாஸ்க் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் ஓடவில்லை. எள்ளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உறைந்தது.

"அம்மாவுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"முதல்ல எழுந்திரிங்க," என்றாள் கமலா. அழுதுகொண்டிருந்தாள்.

"பொன்ஷூர், மிஸ்யூ," என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு பூங்கா ஊழியர் ஒருவர் வந்தார். எள்ளை மணல் என்று நினைத்துவிட்டார். சறுக்குகிறவர்கள் தடுக்கி விழுவார்களாம். மன்னிப்புக் கேட்டேன். அவர் மண்வெட்டியால் அதைச் சுரண்டியெடுத்து, கரையிலிருந்த பனிக்குவியலில் போட்டார். அந்தக் குவியல் ஏப்ரலில்தான் உருகும்.