நாயுருவியும் பித்தளைக் குடமும்

தை 3, செவ்வாய்

தானே புயல் பலா மரத்தையெல்லாம் சாய்ச்சுப் போட்ட வருஷம். பொங்கல் வந்தும் கடலூர்ல எங்க தெருவுக்குக் கரண்ட் இல்ல. பனி ஜாஸ்தி.

தங்கச்சி அஞ்சலையோட மகன் சேகர் குமராட்சியிலேருந்து வந்தான். "மாமா, அம்மாவுக்கு வாந்திபேதி. சிதம்பரம் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு." புயலுக்கப்புறம் அங்க மோட்டார் ஓடல. குட்டைத் தண்ணிதான் குடிச்சிருக்குதுங்க.

பஸ்ஸுல பூரா அண்ணன் ராமசாமி நெனப்பு. நான் அப்ப சின்னப் பையன். அஞ்சலை கைக்கொழந்த. அண்ணன் பேதியில கெடந்து "தண்ணி தண்ணி"ன்னான். குடுத்தா பேதி ஏறும்னு ஒருத்தரும் குடுக்கல. அவனத் தூக்குன அம்மாவும் பின்னாடியே போயிட்டா. ஒட்டுவாரொட்டி, தொட்டாலே தொத்திக்கும்னாங்க.

தை 4, புதன்

வார்டு வாசப்படியோட நின்னுட்டேன்.

அஞ்சலைக்குக் கண்ணு குழிவிழுந்து, கொரலே இல்ல. வாய்க்கொழுப்பு மட்டும் அப்படியே. "ஏண்ணே, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் வெளியவே நிக்கிற?"

நர்ஸம்மா உப்பும் சக்கரையும் கலந்த தண்ணிய டம்ளர் டம்ளரா குடுக்குது. கத்திட்டேன். "குடுக்காதம்மா, பேதி ஏறும்!"

"போறத உள்ள ஊத்தலன்னா எப்படி தாத்தா? தண்ணி வத்திதான் ஆளு சாவறது."

ராமசாமி.

அந்தம்மாவே சொல்லிச்சு. கிருமி உள்ள போனா மட்டும் பத்தாதாம். குடல் செவுத்துல ஒட்டணுமாம். "நாயுருவி வேட்டியில ஒட்டும், பித்தளைக் குடத்துல ஒட்டுமா? அது மாதிரிதான். அதுக்கு மயிராட்டம் கொக்கி. அது மாட்ட தோதான எடம் குடல்ல இருக்கு. ஒட்டிக்கிட்டு விஷம் கக்கும். ஒடம்புத் தண்ணியெல்லாம் வெளிய வந்துடும்."

"தொட்டா?"

"தோல்ல மாட்டாது. வாய் வழியாதான் போவும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு சாப்புடு."

படிச்சவங்க சொன்னா சரிதான். பயம் கேக்குதா? வாசப்படியிலயே பொழுது போச்சு.

தை 5, வியாழன்

வேட்டிய ஒதறி ஒதறிப் பாத்தேன். கண்ணுக்குத் தெரியற நாயுருவியா அது.

சேகர் மாத்திரை வாங்கப் போயிட்டான். நர்ஸம்மா வேற கட்டில்ல. அஞ்சலை "தண்ணி"ன்னா. ராமசாமி கொரல் மாதிரியே இருந்திச்சு.

உள்ள போயிட்டேன். தலையத் தூக்கி மடியில வச்சு, டம்ளர வாயில வச்சேன். பாதி கழுத்துல வழிஞ்சுது.

"பாத்து. குளிப்பாட்டிடாத."

வெளிய வந்து கை கழுவுனேன். நகத்துக்குள்ள இருக்குமோ? மறுபடி.

தை 6, வெள்ளி

மேகமூட்டம். பேதி நிக்கல. ஆனா மூத்திரம் போச்சாம், நர்ஸம்மாவுக்கு சந்தோஷம். நல்ல குறியாம். நம்பவும் பயமா இருக்கு.

இப்ப அவ கட்டில் பக்கத்துல ஒக்காந்துதான் எழுதறேன். முதியோர் வகுப்புல கத்துக்கிட்ட கோணக் கையெழுத்து.

அம்மா பெத்ததுல ராமசாமி பேதியில. கண்ணம்மா பிரசவத்துல. சின்னான் சுனாமியில. என்னைய அண்ணேன்னு கூப்புட மிச்சம் அஞ்சலை.

கூப்புடறா.