பதினாறு தொட்டிகளும் ஒரு ஜன்னலும்

அக்கா,

மூன்று நாள் மழை இன்று காலைதான் விட்டது. கூட்டுவதற்காகப் பீரோவை நகர்த்தியபோது பின்சுவரிலிருந்து ஈர வாடை மூக்கில் ஏறியது. முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன். அப்படியே நீங்கள் எங்கள் பழைய வாடகை வீட்டுக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது.

என் பெண் யாழினிக்கு அப்போது எட்டு வயது. சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அன்றே நர்சரிக்குப் போனேன். கண்ணாடி பாட்டிலில் மணிபிளான்ட், வெள்ளைப் பீங்கான் தொட்டிகளில் ஸ்நேக் பிளான்ட் என்று வாங்கி வாங்கி, அவள் படுக்கிற அறையில் மட்டும் பதினாறு ஆகிவிட்டது. ரோட்டுத் தூசி வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, அதை மறைத்தே அலமாரி போட்டு அடுக்கினேன். அரூர் ஆபீசில் எல்லோரிடமும் போட்டோ காட்டினேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். தருமபுரிக்குத் திரும்பும் பஸ்ஸில், கூட வேலை பார்த்த நீங்கள் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வூடு அழகாத்தான் இருக்குது. இதுல ஜன்னல் எங்க புள்ள?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

யாழினியின் இருமல் குறையவில்லை. நானோ செடி வாடிவிடக் கூடாதென்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள். வந்ததும் ஒரு தொட்டியைச் சாய்த்தீர்கள்; அடியில் தேங்கிய தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. அலமாரியை இழுத்தால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை.

"செடி மேல தப்பில்ல. அது தெனமும் தண்ணி கேக்கல. இந்த ஈரம்தான் புள்ளைக்கு ஆகாது. எல்லாத்தையும் வெளிய எடு, டாக்டர்கிட்ட காட்டலாம்."

"புள்ள பெத்தவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

உங்களுக்குக் குழந்தை இல்லை என்பது தெரிந்தேதான் சொன்னேன், அக்கா. யாழினியின் தலையைத் தடவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், "அம்மா, தண்ணி" என்ற இரண்டு வார்த்தையைக்கூடச் சேர்த்துச் சொல்ல முடியாமல் யாழினி மூச்சுத் திணறினாள். என் வீட்டுக்காரர் வேலையாக ஓசூரில் இருந்தார். என் விரல் தானாக உங்கள் நம்பரைத்தான் அழுத்தியது. ஆட்டோவோடு வந்தீர்கள். ஆஸ்பத்திரி போகும்வரை அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, "மெதுவா, கண்ணு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

புகை மருந்து வைத்த பிறகு மூச்சு சீரானது. அறையில் செடி அடுக்கியிருப்பதை நான் சொன்னதும் டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல ஈரச்சுவர் இருக்குதாங்களா? செடி பார்த்துக்கும்னு ஜன்னலைச் சாத்திடாதீங்கம்மா" என்றார். அந்த நிமிஷம் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். குனிந்து யாழினியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். பதின்மூன்று தொட்டிகளை இருவருமாக மாடிக்குத் தூக்கினோம். மிச்சம் மூன்றைக் கூடத்தில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "அழகுக்கு இது போதும்" என்றீர்கள். சுவரைத் தேய்த்துக் காயவிட்டு வெள்ளையடித்தோம். டாக்டர் சொன்ன இன்ஹேலரை ஒழுங்காகக் கொடுத்தேன். மாதம் திரும்புவதற்குள் அவள் இருமாமல் தூங்கினாள். பக்கத்தில் படுத்து நானும் தூங்கினேன்.

அதற்கப்புறம்தான் ஒருநாள் பஸ்ஸில் வாய் திறந்தேன். "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு."

"வலிச்சுது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றீர்கள். "ஆனா நீ போன் பண்ணுனப்ப மொத ரிங்லயே எடுத்தேன்ல?"

மொரப்பூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றிருந்தது. உங்கள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போன வருஷம் திடீரென்று நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் வாசலில் நின்று நானும் அழுதேன். ஆனாலும் சொல்ல வேண்டியதை உங்கள் காது கேட்கச் சொல்லிவிட்டேன் என்ற ஆறுதல் அந்த அழுகைக்கு நடுவிலும் இருந்தது. அது இல்லாமல் உங்களை எப்படி அனுப்பியிருப்பேன்!

யாழினி இப்போது சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். நேற்று போனில் இருபது நிமிஷம் மூச்சு வாங்காமல் என்னோடு சண்டை போட்டாள். அவளைக் கேட்காமல் அவள் தோழியிடம் நான் ஏதோ விசாரித்துவிட்டேன். முன்பானால் பெத்தவள் என்று எகிறியிருப்பேன். "என் தப்புதான்டி" என்றேன். அவள் குரல் தணிந்து, "சரி, சாப்பிட்டியாம்மா?" என்றாள்.