சங்கு ஊதினாலும் எழாத ஜமீன்

22 ஜூலை 1974, திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. கண்ணெல்லாம் மண். புதுச் செருப்பு கடிக்கிறது.

நகராட்சியில் தற்காலிக வேலை, மூன்றாவது வாரம். இன்று முதல் நாய்க் கணக்கு. வெறிநாய்ப் புகார் கூடிவிட்டதாம். வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். எழுதிய நாய்க்குக் கழுத்தில் பித்தளைப் பில்லை. பில்லை இல்லாததும் ஆளைக் கடித்ததும் வண்டியில் ஏறும். ஏறினது திரும்பாது.

நான் படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். தவளை அறுத்திருக்கிறேன். நாயைத் தொட்டதில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். சாயங்காலம் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மவ கவருமெண்டுல நாயெல்லாம் கணக்கெடுக்கா." கேலி இல்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

துணைக்கு வருபவர் பியூன் கோயில்பிள்ளை அண்ணாச்சி. இனி கோ.பி. கையில் கம்பு, தோளில் பில்லைப் பை. என் குரல் யாருக்கும் எட்டவில்லை. "சத்தமாக் கேளு தாயி. நாய்க்குக் கேட்டாப் போதுமா, வீட்டுக்காரருக்குக் கேக்க வேண்டாமா?"

இன்று 14 நாய்.

23 ஜூலை, செவ்வாய்

படிவத்தில் பெயர், இனம், நிறம், வயது, குறிப்பு என்று கட்டங்கள். இடம் போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பொமேரியன், டாக்டரம்மா வீடு. பஞ்சு மூட்டை. காக்கா உட்கார்ந்தாலும் குரைக்கிறது, திருடன் தப்ப முடியாது. ஆனால் உப்புக் காற்றில் முடி சடை பிடிக்கிறது. மத்தியானம் முழுக்கக் குளியலறைத் தரையில் கிடக்கிறது. அவர்கள் குளிப்பது எப்போது?

அல்சேஷன், துறைமுக அதிகாரி குவார்ட்டர்ஸ். "சிட்" என்றால் உட்காருகிறது. கோ.பி. "உக்காருலே" என்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எளா, இதுக்கு நம்ம பாசை தெரியாது. நீ பேசு, நீதான பட்டதாரி." நான் படிவத்தில் நிறம் எழுதினேன். அழகு, புத்தி எல்லாம் இருக்கிறது. தோலில்தான் எப்போதும் புண்.

கோம்பை, உப்பளக் காவலர் வீடு. செம்மண் நிறம். எஜமான் கையால்தான் சாப்பிடும். அவர் மஞ்சள் காமாலையில் படுத்தபோது நான்கு நாள் பட்டினி கிடந்ததாம். விசுவாசத்தைக் குறையின் பக்கம் எழுதுவதா, நிறையின் பக்கம் எழுதுவதா?

சிப்பிப்பாறை. ஒல்லி, விலா எலும்பை எண்ணலாம். "சோறு போடலையான்னு ஊரே கேக்கு" என்று வீட்டம்மா அழாத குறை. ஓடினால் கண்ணுக்கே தெரியாது. எதிர்வீட்டுக் கருவாடும் அப்படித்தான் காணாமல் போகிறது.

நாட்டு நாய். எதையும் தின்னும், நோய் கிடையாது. ஒரே குறை, யாருக்கும் சொந்தமில்லை. "எங்க நாய் இல்ல, சும்மா இங்கனதான் கெடக்கு." வண்டி வருகிறது என்று கோ.பி. ஒரு பொய் சொன்னார். உடனே ஐந்து நாய்க்குச் சொந்தக்காரர் கிடைத்தார்கள்.

24 ஜூலை, புதன்

ஒரு புகார் வந்தது. மீன் விற்கும் சவேரியம்மா அக்காவை நாய் கடித்திருக்கிறது. வலது முழங்கை. வயிற்றைச் சுற்றித் தினம் ஒரு ஊசி. அலுவலகத்துக்கே வந்து காட்டினாள். "ஊசிக்குப் போனா யாவாரம் போச்சு, யாவாரத்துக்குப் போனா உசுரு போச்சு. நாயி என்னமோ மாடி வீட்டுல சொகமாத் தூங்குது."

கடித்தது உப்பு வியாபாரி தங்கப்பழம் அண்ணாச்சி வீட்டு நாய். போனோம். ராஜபாளையம். ஒரு கறுப்பு முடிகூட இல்லாத வெள்ளை, ரோஜா நிற மூக்கு. இவ்வளவு அழகான மிருகத்தை நான் பார்த்ததில்லை. பெயர் ஜமீன்.

அது தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போயும் எழவில்லை. அண்ணாச்சி கூப்பிட்டார், வரவில்லை. சிரித்தார். "கூப்ட்ட ஒடன ஓடியாரதுக்கு இது என்ன தெரு நாயா? ஜமீன் ரத்தம். அதுக்கா மனசு வந்தாத்தான் வரும்."

கடித்ததைக் கேட்டேன். சவேரியம்மா கேட்டுக்குள் கூடையை இறக்கியபோது மண்ணில் படுத்திருந்த நாய் மேல் கூடை இடித்ததாம். "அன்னியர் தொட்டா விடுமா?"

கோ.பி. வெளியே வந்து சொன்னார்: சுகாதார ஆய்வாளர் திங்கட்கிழமை பார்க்க வருகிறார். ஆளைக் கண்டால் பாய்கிற நாய் என்று எழுதினால் அன்றே வண்டி.

குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டு வந்தேன்.

25 ஜூலை, வியாழன்

மத்தியானம் மில் சங்கு ஊதியபோது நடுத்தெருவில் நின்றேன். எல்லா நாயும் தலையைத் தூக்கி ஊளை. பொமேரியன் கீச்சுக் குரல், அல்சேஷன் அடித்தொண்டை. நாட்டு நாய்கள் கூட்டமாக, ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்தது. கோ.பி. சொல்கிறார், கிறிஸ்துமஸ் பாடகர் குழு இதைவிட மோசம் என்று.

ஜமீன் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அம்மாவுக்குத் தலைவலித் தைலம் வாங்க மறந்தேன்.

26 ஜூலை, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். வேட்டு. தெரு நாய்கள் எல்லாம் சாக்கடைப் பலகைக்கு அடியில். அல்சேஷன் அதிகாரியின் கட்டிலுக்கு அடியில், வரமாட்டேன் என்கிறதாம்.

தங்கப்பழம் அண்ணாச்சி வாசலில் நான்கைந்து பேரைக் கூட்டி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, காதுகூட ஆடல. இதுதான் தைரியம்." ஜமீன் தூங்கியது. வேட்டு வெடிக்கும்போதும் வயிறு ஒரே சீராக ஏறி இறங்கியது.

தைரியமுள்ள நாயும் காதையாவது ஆட்டும். இது ஆட்டவில்லை.

27 ஜூலை, சனி

வயது எழுத மறந்ததாகச் சொல்லி, கோ.பி.யின் பில்லைப் பையோடு போனேன். பொய். அண்ணாச்சி உப்பளத்தில் இருந்தார். வீட்டில் பாக்கியம் அக்கா, அவர் மனைவி, மட்டும். அக்கா உள்ளே காபிக்குப் போனதும் பில்லைப் பையை நாயின் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக் குலுக்கினேன். நூறு பில்லை. என் காதே வலித்தது. ஜமீன் தூங்கியது.

திரும்பினால் அக்கா நிலைப்படியில். காபி டம்ளர் கையில்.

டம்ளரைக் கீழே வைத்தாள். குதிகாலால் தரையை இரண்டு முறை மிதித்தாள். அந்த வராந்தாவில் பழைய தோணிப் பலகை பாவியிருக்கிறது, அதிர்கிறது. ஜமீன் உடனே எழுந்து, அவளைப் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"குட்டியில இருந்தே இப்படித்தான். நான் கோவத்துல தரைய மிதிக்கேன்னு அவுக நெனச்சுக்கிட்டு இருக்காக. நெனச்சிட்டுப் போகட்டும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முன்னால ஒரு நாய் இருந்துச்சு, கால் நொண்டி. திருச்செந்தூர் ரோட்டுல எறக்கி விட்டுட்டு வந்துட்டாக. கொறை உள்ளது எதுவும் அவுகளுக்கு ஆகாது. நீங்க எழுதாதிய, தாயி."

மண்ணில் படுத்திருந்ததால்தான் அன்று சவேரியம்மாவின் காலடி அதற்குத் தெரியவில்லை. தூக்கத்தில் யாரோ இடித்தால் நானும் கடிப்பேன்.

28 ஜூலை, ஞாயிறு

எழுதினால் அண்ணாச்சி கொண்டுபோய் விட்டுவிடுவார். எழுதாவிட்டால் வண்டி. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் விஷ ஊசி.

பாடப்புத்தகத்தைத் தேடினேன். முழு வெள்ளை விலங்குகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவிடு வருமென்று ஒரு வரி. அதற்கு அடியில் நானே கோடு போட்டிருக்கிறேன், பரீட்சைக்காக.

அப்பாவிடம் கேட்டேன். "நாளைக்குப் பேசணும்னா இன்னைக்கே பேசிப் பாரு" என்றார். கிணற்றடியில் பேசிப் பார்த்தேன். அம்மா என்ன வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டாள்.

29 ஜூலை, திங்கள்

ஆய்வாளர் நாற்காலியில். அண்ணாச்சி தூணில் சாய்ந்து. சவேரியம்மா அக்கா கட்டுப்போட்ட கையோடு படியில். ஜமீன் வராந்தாப் பலகையில், தூக்கம்.

"குறிப்பு காலியா இருக்கேம்மா. பாயுற நாய்னு போட்ரவா?"

பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்தாள். நான் காபி வந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, நாயின் தலைக்கு மேலே பிடித்து, அதிலிருந்த கரண்டியால் அடித்தேன். மூன்று முறை. ஆய்வாளர் மேல் காபி. சவேரியம்மா அக்கா, "ஏ மாதாவே."

ஜமீன் தூங்கியது.

"கேக்காது" என்றேன். எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். "பிறவியிலேயே கேக்காது. பாயல. பயந்துபோய்க் கடிச்சிருக்கு."

அண்ணாச்சி முகம் சுண்டியது. "யாரு சொன்னா?"

பாக்கியம் அக்கா குதிகாலால் இரண்டு முறை மிதித்தாள். நாய் எழுந்து அவளிடம் போனது.

"ஒனக்குத் தெரியுமா?"

"ஒன்ற வருசமாத் தெரியும்."

அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். சவேரியம்மா அக்காதான்: "மொதல்லயே சொல்லியிருந்தா முன்னால வந்து நின்னுருப்பம்லா. எங்க மாமனாருக்கும் காது கேக்காது. பின்னால தொட்டா அறைஞ்சிருவாரு. அவர வண்டியிலயா ஏத்தினோம்?"

ஆய்வாளர் சட்டையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: பத்து நாள் சங்கிலியில் இருக்கட்டும். நோய் இல்லையென்றால் பில்லை. அக்காவுக்கும் அதோடு பயம் தீரும்.

அண்ணாச்சி வெளியே வரவேயில்லை. திருச்செந்தூர் ரோடு நினைவு வந்தது.

8 ஆகஸ்ட், வியாழன்

பத்து நாள் முடிந்தது. பில்லை மாட்டப் போனேன். தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்தேன், நாய் இருக்குமா என்று.

கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகை. அதன் கீழே புதுப் பெயிண்டில், 'பின்னால் தொடாதீர்கள். முன்னால் வந்து நில்லுங்கள்.' அண்ணாச்சி கையெழுத்து. உப்பு மூட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

ஜமீன் வராந்தாவில். நானே மாட்டினேன், எண் 112. கழுத்து இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது.

கிளம்பும்போது மில் சங்கு. தெரு முழுக்க ஊளை. அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தது அவருக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றினார். குதிகாலால் பலகையை மிதித்தார், ஒரு முறை, மெதுவாக. நாய் அசையவில்லை. இன்னொரு முறை, பலமாக.