சாராயப் போத்தலில் நல்லெண்ணெய்

வெள்ளிக்கிழமை இரவு, டோர்ட்மண்ட்

இதை எழுதுபவன் சிவகடாட்சம், வழக்கறிஞர். இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினேழு வயது மாணவி துளசியின் விடுதி அறையில் சாராயப் போத்தல் இருந்ததாக நிர்வாகம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. இங்கே பதினெட்டு வயதுக்கு முன் சாராயம் கூடாது. அறை பறிபோகக்கூடும் என்பதால் இன்று நேரில் ஆட்சேபித்தோம். உண்மையில் போத்தலில் இருந்தது, தலைமுழுக்குக்கென்று தகப்பன் நிரப்பிக் கொடுத்த நல்லெண்ணெய். லேபிளைக் கழற்ற வேண்டுமென்று எங்கள் வீடுகளில் யாருக்குத்தான் தோன்றும்?

என் வாதத்தின் முதற்பக்கம் முடியுமுன்னரே துளசி குறுக்கிட்டாள்.

"மாமா, திறந்து காட்டட்டோ?"

"பொறுங்கோ பிள்ளை, அது சான்றுப் பொருள்."

"ஐயோ மாமா, எண்ணெய்!" என்றவள், உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்தே விட்டாள். விடுதி மேலாளர் அம்மையார் போத்தலை முகர்ந்து, சிரித்து, எச்சரிக்கையை அங்கேயே திரும்பப் பெற்றார்.

வாசலில் காத்திருந்த தகப்பன் அதே லேபிளுடன் ஒரு போத்தலை என் கையில் தந்தார். "வைச்சிருங்கோ அண்ணை, உதவும்." அதுவும் நல்லெண்ணெய்தான் என்று, வீட்டில் எண்ணெய்ப் போத்தல்கள் இருக்கும் தட்டில் வைத்தேன். தோசைக்கு எடுத்த மனைவி வதனி, மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"என்னப்பா, இது அசல் சாராயமெல்லோ! நாளைக்கு இதை வைச்சோ தலைமுழுகப் போறியள்?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஆகவே குற்றமில்லை. ஆனால் அன்று தகப்பன் மகளுக்குப் போத்தலை மாறிக் கொடுத்திருந்தால்...

ஒப்பம்: சிவகடாட்சம்
சாட்சி: வதனி (சிரிப்பு அடங்கியபின் ஒப்பமிடுவார்)