மத்தாப்புப் பெட்டியில் ஒத்தக்கண்ணி

நாமக்கல் விடுதி
23.06.2025

ஏட்டி ஓவியா,

நீட்டுக்குப் படிக்க வந்த இடத்தில் காலை நீட்டிப் படுக்க நேரமில்லை. மற்றபடி நலம். போன் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், அதுவும் அப்பா நம்பருக்கு மட்டும். அதனால்தான் கடிதம்.

ஒரு வேலை பார்த்துவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள், எங்கள் பிரஸ்ஸில் உங்கப்பா சாப்பிடப் போன நேரம், அவர் கம்ப்யூட்டரில் மத்தாப்புப் பெட்டி லேபிளைத் திறந்தேன். கவுன் போட்ட பாப்பாவை எடுத்துவிட்டு, நீ வரைந்து வைத்திருந்த ஒத்தக்கண்ணியை, அதான் நம்ம ஜப்பான் பொம்மைப் படத்துக் கொலைகாரியை, வைத்தேன். கத்திக்குப் பதில் கையில் மத்தாப்பு. சட்டையில் ரத்தம் அப்படியே. உங்கப்பா பார்த்து அலறுவார், நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். இப்போது எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அச்சுக்குப் பிளேட் போடுவதற்குள் எடுக்கச் சொல்.

எங்கப்பாவுக்குத் தெரிந்தால், ஞாயிறுதோறும் நாம் பிரஸ்ஸில் பார்த்தது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படம் என்பதும் தெரிந்துவிடும். ரெண்டு பேர் வயதையும் கூட்டினால் முப்பத்திரண்டு என்று சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

வாலைச் சுருட்டிய
ஹர்ஷினி


சிவகாசி
02.07.2025

ஹர்ஷி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. லேபிள் போன வாரமே அச்சாகிவிட்டது. நாற்பதாயிரம்.

அப்பா பார்க்காமல் விடவில்லை. பார்த்துத்தான் புரூஃபில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "பொம்மைப் படந்தானத்தா, சின்னப்புள்ளைக பெட்டிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. ஆபீஸ்ல சொல்லி மாத்திருப்பாகன்னு நெனச்சேன். யாரு வரைஞ்சதோ, நல்ல கை" என்றார். ரத்தத்தைப் பூ டிசைன் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றினாராம்.

வரைந்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓவியா


சிவகாசி
18.08.2025

ஹர்ஷி,

மத்தாப்பு டீலர், லேபிள் ஒட்டிய பெட்டி லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மகன் காலேஜில் படிக்கிறானாம், அந்தப் படத்தைப் பார்த்தவன். சின்னப்பிள்ளைகள் பெட்டியில் ஏழு கொலை செய்தவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறான்.

உங்கப்பா புரூஃபை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்தது அப்பா கையெழுத்து. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். நான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "மொதலாளி மகளை நான் போயி காட்டிக்குடுக்கவா? அந்தப் புள்ளையே சொல்லட்டும்" என்கிறார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடு ஹர்ஷி.

ஓவியா


நாமக்கல்
01.09.2025

ஓவியா,

உன் கடிதம் சனிக்கிழமை, 23ஆம் தேதி, கையில் கிடைத்தது. மறுநாள் போனில் பத்து நிமிடமும் சாம்பாரைப் பற்றியே பேசினேன். அதில் பருப்பு தலைமறைவு என்றேன், அப்பா சிரித்தார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

நேற்று சொன்னேன். படம், நம் வயது, லேபிள், எல்லாம். உங்கப்பாவைப் பற்றி அப்பா சொன்னது இதுதான்:

"சங்கிலிமுத்து நேத்தே கணக்க முடிச்சிட்டுப் போயிட்டான். டீலர்ட்ட அவன் பேரைச் சொல்லியாச்சு. இப்பப் போயி மாத்திச் சொன்னா கம்பெனி பேரு என்னத்துக்காகும்? நீ படிக்கிற வேலையப் பாரு."

அதற்குள் வார்டன் போனை வாங்கிவிட்டார். ஒரு நாள், ஓவியா. ஒரே ஒரு நாள்தான் பிந்திவிட்டேன்.

உன்னைச் சிரிக்கவைக்க எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. பதில் போடு. திட்டியாவது போடு.

ஹர்ஷினி


சிவகாசி
10.09.2025

ஹர்ஷினி,

திட்டத் தோன்றவில்லை. நீ உண்மையைச் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "சொல்லிருச்சா, சரித்தா" என்றார்.

வேறு பிரஸ்களில் கேட்டுப் பார்த்தார். "லோடு திரும்பி வந்துச்சே, அந்த ஆளா?" என்கிறார்கள். அதனால் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார். வெடிமருந்து செலுத்துகிற வேலை. காலை ஆறு மணிக்கு வேன் வந்துவிடும்.

ஒத்தக்கண்ணி கடைசிப் பாகம் வந்திருக்கிறதாம். நான் பார்க்கவில்லை. வெடிக்கிற காட்சி வந்தால் நீ கண்ணைப் பொத்துவாய், நான் உன் விரலைப் பிரித்துவிட்டுச் சிரிப்பேன். இப்போது தெருவில் பையன்கள் ஒரு வெடி போட்டாலும் அம்மா வாசலுக்கு ஓடுகிறாள்.

தபால்காரர் வாசலில் நின்று அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நேற்று உன் கடிதம் வந்தபோது, "சங்கிலிமுத்து வீட்ல யாரும்மா?" என்று கேட்டார். பகல் பதினொரு மணி, அப்பா வேலையில் இருக்கிற நேரம். அம்மா கையிலிருந்த சோற்றுப்பானை கீழே விழுந்துவிட்டது.

அதனால் இனிமேல் கடிதம் போடாதே.

நன்றாகப் படி.

ஓவியா