அக்கா பார்க்கக் கூடாத பரீட்சை

என் பாபுக்குட்டிக்கு,

நரைத்த மீசையோடு இருந்த ஒரு இணைப் பேராசிரியரை ஊரறியக் குட்டி என்று கூப்பிடுகிறேன். உன் மாணவர்கள் படித்துச் சிரிக்கட்டும். நீ இருந்தால் முறைத்திருப்பாய். முறைக்கத்தான் நீ இல்லையே.

எனக்குப் பயமாக இருக்கிறது பாபு. நலம் விசாரித்து, செங்கல்பட்டு வெயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. என் ஞாபகம் பழுதாகிக்கொண்டு வருகிறதோ என்று பயம். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று பயம். மற்றவர்களின் ஞாபகத்தைச் சோதித்துச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒரு நரம்பியல் உளவியல்காரிக்கு இப்படி வந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

உன்னிடம் சொல்லியிருப்பேன். நீயோ போன மழைக்காலத்தில், காலேஜுக்குப் போகிற வழியில், பரனூர் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். ஊரில் இருக்கிறவர்கள் கைக்கும் தலைக்கும் ஒயர் மாட்டி அளந்தவன், உன் நெஞ்சை ஒரு நாளாவது அளந்து பார்த்தாயா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கடப்பாக்கத்திலிருந்து தேசப்பன் என்று ஒருவர் என்னிடம் வருவார். படகு வைத்திருந்தவர். தலையில் அடிபட்டதிலிருந்து மறதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மனைவியோடு வந்து பரிசோதனை செய்துகொண்டு போவார். நம் சொல் பட்டியல்தான் உனக்குத் தெரியுமே. நான் வரிசையாகச் சில சொற்களைச் சொல்ல வேண்டும், அவர்கள் ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழில் எங்கள் பிரிவில் இருப்பது அந்த ஒரே பட்டியல். என்னென்ன சொற்கள் என்று இங்கே எழுத மாட்டேன், வெளியே தெரிந்தால் பரிசோதனை கெட்டுப்போகும். நான் அதைத் தாளைப் பார்த்துச் சொல்வதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லி முடித்தேன். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். நடுவில் ஒரு சொல் வந்ததும், பக்கத்திலிருந்த அவர் மனைவி அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினார். கூட யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த அம்மா இல்லாமல் மனிதர் நாற்காலியிலேயே உட்கார மாட்டார்.

“இன்னாய்யா உளர்ற? அத மேடம் சொல்லவேயில்ல.”

“சொன்னாங்கடி. போன தபா சொன்னாங்க.”

நான் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைத் தாளின் அடியில் இருக்கும் தனிக் கட்டத்தில் எழுதினேன். சொல்லாத சொல்லைச் சொன்னதாகக் கணக்கு. எங்கள் தொழிலில் அது சாதாரணத் தப்பு இல்லை. நோய் முற்றுகிறது என்று மருத்துவரை நினைக்க வைக்கும், மாத்திரையைக்கூட மாற்ற வைக்கும். பிறகு மதிப்பெண்ணைக் கூட்டத் தாளின் மேல்பகுதியைப் பார்த்தேன். அங்கே அச்சடித்த பட்டியலுக்கு நடுவில் அதே சொல் உட்கார்ந்திருந்தது. அவர் உளறவில்லை. நான்தான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். போன முறை கேட்டதை அந்த மனிதர் அடிபட்ட தலைக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

தப்பு என்னுடையது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியுமா? தேசப்பன் என்னைப் பாவமாகப் பார்த்தார். “பரவால்ல மேடம், உங்களுக்கும் வேல ஜாஸ்தி,” என்றார். எத்தனை பேரை நான் அதே குரலில் தேற்றியிருக்கிறேன் தெரியுமா? அந்தக் குரல் எனக்கே திரும்பி வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு அம்மா ஞாபகம் வந்திருக்குமே. எனக்கு அந்த நிமிஷமே வந்தது. திருக்கழுக்குன்றத்தில் அம்மா வகுப்பெடுத்த காலத்தில் அட்டெண்டன்ஸை நோட்டைத் திறக்காமலே சொல்வாள். அகர வரிசையில் ஆரம்பித்தால் ஒரே மூச்சு. ஒரு நாள் ஒரு பெண் எழுந்து நின்று, டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அதை வீட்டுக்கு வந்து சிரிப்பாகத்தான் சொன்னாள், நாமும் சிரித்தோம். அப்போது அவளுக்கு என் இப்போதைய வயதுதான். பிறகு நடந்ததெல்லாம் நாம் இரண்டு பேரும் பார்த்தது. நான் உளவியலுக்கும் நீ மருத்துவப் பொறியியலுக்கும் போனதற்கு அது காரணமில்லை என்று நேர்காணல்களில் சொல்லுவோமே, அது பச்சைப் பொய்.

சரி, களைப்பாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாதவிலக்கு நிற்கிற வயசு. தைராய்டு. நீ போன துக்கம். இவை ஒவ்வொன்றையும் நோயாளிகளின் வீட்டார் வாயால் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதே மனதுக்குள் தள்ளுபடி செய்திருக்கிறேன். இப்போது நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கோ சொல்லிக்கொள்ள இருந்த காரணங்கள் குறைந்துபோயின.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. என்னைச் சோதிக்கவே முடியாது பாபு. எந்தப் பரிசோதனையை எடுத்தாலும் அதன் கேள்வியும் பதிலும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். படத்தைக் காட்டுவதற்குள் பெயர் வந்துவிடும், கதையை ஆரம்பிப்பதற்குள் முடிவு வந்துவிடும். உள்ளே வீடு இடிந்துகொண்டிருந்தாலும் வாசல் கோலம் அழகாக இருக்கும். சென்னையில் யாரிடமாவது போகலாம் என்றால் அவர்களிடமும் இதே பெட்டி, இதே தாள்கள். போதாததற்கு நம் துறை எவ்வளவு சின்னது என்று உனக்கே தெரியும். என்னைச் சோதிக்கிறவர் என் மாணவிக்கு வைவா எடுப்பவராக இருப்பார், அவருடைய குரு என் பதவி உயர்வுக் குழுவில் உட்காருவார். அடுத்த மாதம் துறைத்தலைவர் பதவிக்கு எனக்கு நேர்காணல். இத்தனை வருஷம் இதற்குத்தான் காத்திருந்தேன். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை கசிந்தால் போதும்.

பதவி போனால் போகட்டும் என்றுகூடச் சொல்லிவிடுவேன். என் கையெழுத்துதான் பயமுறுத்துகிறது. அந்தக் கையெழுத்தை நம்பி ஒருவருக்கு வண்டி ஓட்டலாம் என்கிறார்கள், இன்னொருவரை வேலையிலிருந்து அனுப்புகிறார்கள், ஒரு பெரியவர் எழுதிய உயில் செல்லும் என்கிறார்கள். அதை இனி நான் போடலாமா? சொல்ல வேண்டியது யார்?

ஞாபகத்தை அளக்கும் உன் இயந்திரம்தான். என்னால் மனப்பாடம் செய்ய முடியாமல் போன ஒரே பரீட்சை அது.

எத்தனை பாடுபட்டாய் அதற்கு! வெளிநாட்டில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெட்டி கட்டி அலைந்துவிட்டு, அம்மாவுக்காகத் திரும்பி வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் அந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாய். வாரம் முழுக்க வகுப்பு, வருஷக் கடைசியில் எத்தனை கட்டுரை என்று கேள்வி. மிச்ச நேரத்தில் நோயாளியின் உள்ளங்கைக்கு ஒரு தட்டு, எதிரே விளக்குகள், காதுக்கு ஹெட்ஃபோன் என்று மேசை மேல் நீயே கட்டினாய். கட்டுரை எழுதி அனுப்பினால் உன் ஆட்கள் இதில் உளவியல் அதிகம் என்று திருப்பினார்கள், என் ஆட்கள் இதில் மின்னணுவியல் அதிகம் என்று திருப்பினார்கள். இரண்டு பக்கமும் துரத்த, நாம் நடுவில் நின்று சண்டை போட்டோம்.

ஒரே நோயாளிக்குக் காகிதப் பரிசோதனையை நான் போட வேண்டும், இயந்திரத்தை நீ பார்க்க வேண்டும், இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நான் போடும் மதிப்பெண் ஒரு பக்கம் சாயும் என்றாய். நியாயம்தான். ஆனால் எத்தனை கறாராக இருந்தாய்! ஹெட்ஃபோனில் கேட்கும் குறிப்புகளை உன் குரலில் பதிய உன் லேபில் முடியவில்லை, மறைமலைநகர் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு சவுக்குத் தோப்பில் காரை நிறுத்தி, ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாய். கூட வந்த என்னை இறக்கிவிட்டாய்.

இறங்குவதற்கு முன், ஆரம்பத்தில் இதில் பாஸ் ஃபெயில் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எல்லா நோயாளியிடமும் நான் சொல்கிற வரி.

“பொய்க்கா அது. வர்றவங்களுக்குத் தெரியாதா, பரீட்சதான்னு?”

“அப்ப பயப்படுவாங்களேடா?”

“அதுக்கு வேற ஒண்ணு வச்சிகிறேன். நீ கேக்கக் கூடாது, எறங்கு.”

நான் வெயிலில் சவுக்கு நிழல் தேடி நின்றேன். கண்ணாடிக்குள் உன் வாய் அசைந்தது, நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. நீ செத்த பிறகு எனக்கு அடிக்கடி வருவது அந்தக் காட்சிதான். நீ என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாய், எனக்குக் கேட்கவில்லை.

உன் மாணவி நசீமா நன்றாக இருக்கிறாள். வழிகாட்டி போய்விட்ட ஆராய்ச்சி மாணவியின் கதி உனக்குத் தெரியும். புதிதாக ஒதுக்கப்பட்ட வழிகாட்டி தலைப்பையே மாற்றச் சொல்லியிருக்கிறார். அவள் அசையவில்லை. உன் அறையைக் காலி செய்தபோது இயந்திரத்தைத் தன் மேசைக்கு நகர்த்திக்கொண்டு, ஒயர் ஒயராகத் துடைத்து வைத்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

“மேடம், அம்பது தாண்டின லேடீஸ்ல நார்மல் ஆளே கெடைக்கல. நீங்க மார்க் போட்ட ஸ்டடிதான் முடிஞ்சிடுச்சே, இனிமே நீங்களே வந்து உக்காருங்களேன். உங்களவிட நார்மல் யாரு கீறாங்க?”

கூட்டம் இருக்கிறது என்றேன். மறுபடி கூப்பிட்டபோது கண்ணில் கட்டி என்றேன். அவள் கேட்டதற்கு இரண்டு விதமாகப் பயந்தேன். ஒன்று, முடிவு; அம்மாவைப் பார்த்த நாளிலிருந்தே உள்ளே கிடந்த பயம் அது. மற்றது, உன் குரல். அதைக் கேட்டுவிட்டால் நீ மிச்சம் வைத்துப் போன கடைசிப் பேச்சும் தீர்ந்துபோகுமே.

தேசப்பனுக்குப் பிறகு எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை. நேற்று போனேன். நசீமாவிடம் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். என்னை நார்மல் கணக்கில் சேர்க்காதே, எந்தக் கணக்கு என்று தெரிந்த பிறகு சேர் என்றேன். பெயர் எழுதாமல் வேறு ஊர் ஆளிடம் மதிப்பிடக் கொடுக்கச் சொன்னேன். அவள் என் வளையலைக் கழற்றி மேசையில் வைத்தாள். உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினாள். கை நகர்ந்தால் பதிவு அறுந்துவிடும் என்றாள். ஹெட்ஃபோனை மாட்டினாள்.

முதலில் உன் மூச்சு கேட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது பாபு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீ பேசினாய்.

“பயமா இருக்குதா? இருந்துட்டுப் போவட்டும். கைய மட்டும் எடுக்காதீங்க.”

பிறந்ததிலிருந்து நேற்றைக்குத்தான் என்னை முதல் முறையாக நீங்க என்று கூப்பிட்டாய். மரியாதை கற்றுக்கொள்ள உனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விளக்குகள் மங்கின. முதல் ஒன்றிரண்டைத் தவறவிட்டேன் என்று நினைக்கிறேன். மற்றவை தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. என்ன மதிப்பெண் வரும் என்று ஊகிக்க முடியாமல் நான் எழுதிய பரீட்சை இது ஒன்றுதான். ஆனால் கையை எடுக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. இன்று காலை எங்கள் தலைமை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேசப்பனின் தாளைத் திருத்தி, தவறு சோதித்தவருடையது என்று அதிலேயே எழுதினேன். முடிவு வரும்வரை என் கையெழுத்து மட்டும் தனியாக எந்த அறிக்கையிலும் இருக்காது. நேர்காணல் குழுவில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் உனக்கு எழுதுவதை ஊர் முன்னால் வைக்கிறேன். மூடிய கடிதமாக எழுதினால் நாளைக்கே கிழித்துப் போட்டுவிடுவேன், என் சாமர்த்தியம் உனக்குத் தெரியும்.

பயம் போகவில்லைடா. இதை எழுதும்போதே ஒரு சொல்லுக்காக இரண்டு தடவை நின்றேன். அது என்ன நிற்றல் என்று தெரியவில்லை.

இது என் வாக்கு. முடிவு எப்படி வந்தாலும் அதை முதலில் உனக்குத்தான் சொல்வேன். அந்தச் சவுக்குத் தோப்புக்கு வந்து, காரை நிறுத்தி, இந்தத் தடவை கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தமாகச் சொல்வேன். நல்லது என்றால் உன்னைத் திட்டிவிட்டுப் போவேன். கெட்டது என்றால், உன் பெயர் என்னை விட்டுப் போகும்வரை, நசீமாவின் நாற்காலியில் வருஷா வருஷம் வந்து உட்காருவேன். ஒரு மனுஷி எப்படி மறக்கிறாள் என்பதை ஆரம்பத்திலிருந்து அளந்துகொள்ளட்டும். அந்தப் பிள்ளையின் ஆய்வுக்கு அதைவிட என்ன கொடுத்துவிடப் போகிறேன்?

கையை எடுக்க மாட்டேன், தம்பி.

நீ வாழ்நாளில் ஒரே ஒரு முறை மரியாதையோடு பேசிய,
உன் அக்கா