ரீத்தம்மாளைப் பெற்றவர்

இயேசு மரி சூசை துணை

மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.
25 மே 2010

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அடுத்து அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பதுதான் வழக்கம், இன்று பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தவக்காலத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஈஸ்டருக்கும் உங்கள் கல்யாண நாளுக்கும் இருவரும் நலமா என்று கேட்டு வாழ்த்து அட்டை அனுப்பினேன். அதனால் இந்தத் தடவை அந்த வரியை எழுதவில்லை அம்மாடி.

இதைத் தபாலில் போடவில்லை. நம் வீட்டு மாடியில் குடியிருக்கும் சங்கரைக் கம்பெனியில் உங்கள் டாலஸுக்கே அனுப்பிவிட்டார்கள், அவர் மனைவி அனுபமா வருகிற ஞாயிறு புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் மாப்பிள்ளை பிரசன்னா இருந்தால் ஊறுகாய் பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடம்மா, கடிதத்தை ஜெசிந்தா தனியாக இருக்கும்போது கொடு என்று சொல்லியிருக்கிறேன். ஏன் அங்கிள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல பெண். போனில் பேசிவிடலாம் என்றால் நீ இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். கையில் வேலை இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேலைக்காக இல்லை, மாப்பிள்ளை கேட்பதற்காக என்று அம்மா சொல்லித்தான் எனக்கு உறைத்தது. ரயில்வேயில் சிக்னல் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு வீட்டுச் சிக்னல் தெரியவில்லை, பார்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் மாடி ஏறாதே என்றால் அன்றைக்குத்தான் மாடியில் வடாம் போடுவாள். ஆவக்காய் ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறது, உனக்குப் பிடிக்குமே என்று பூண்டு கூடுதலாகப் போட்டாள். சனிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சொல்லக் கூச்சமாக இருப்பதால் வெயிலையும் வடாமையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ரீத்தம்மாள் திருவிழா. ரிட்டயர் ஆனதிலிருந்து திருவிழா நாட்களில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் அன்றைய புனிதரின் வரலாற்றைப் படிப்பது நான்தான் என்பது உனக்குத் தெரியும், மைக் கிடைத்தால் அப்பா விடமாட்டார் என்று நீ கேலி செய்வாய். கேலி என்ன, உண்மைதான். லாரன்ஸ் வேதசாட்சியை இரும்புக் கம்பியில் கிடத்தி நெருப்பு மூட்டியதைச் சொன்னால் குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்கும், லூசியம்மாள் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பதைச் சொன்னால் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள், ஆனால் கண்ணீர் வருவது ரீத்தம்மாள் கதைக்குத்தான். மடத்தில் சேர ஆசைப்பட்ட பெண்ணை வயதான பெற்றோர் ஒரு முரடனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவன் கை நீட்டுகிறவன், அவள் பதினெட்டு வருஷம் வாய் திறக்காமல் பொறுத்து, ஜெபித்தே அவனைத் திருத்தினாள், பிறகு பகையாளிகள் அவனைக் கொன்றுபோட்டார்கள், பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள், அதற்கப்புறம்தான் அவள் மடத்துக்குப் போய் நெற்றியில் முள் காயத்தோடு புனிதையானாள். அந்தப் ‘பொறுத்தாள்’ என்ற வார்த்தை வரும்போது நான் குரலை இறக்கி ஒரு நிமிஷம் நிறுத்துவேன். எங்கே நிறுத்தினால் கர்ச்சீப் வெளியே வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வருஷமும் அப்படியே நிறுத்தினேன்.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எனக்காகக் காத்து நிற்கிறாள். பெயர் அமலி, நம் லால்குடிப் பக்கத்துப் பெண், புருஷனுக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. ஐயா, நான் நேத்தே துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன், இன்னைக்குப் பூசை முடிச்சிட்டு அப்படியே ஊருக்கு வண்டி ஏறிடலாம்னுதான் வந்தேன், நீங்க படிச்சதக் கேட்டதும் மனசு மாறிருச்சுங்க, அந்தம்மா பொறுத்தாங்கள்ல, நானும் பொறுத்துப் பாக்குறேங்க என்று சொல்லி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பெருமையாக இருந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். அவள் நெற்றியில் சிலுவை போட்டு, பையிலிருந்த ரீத்தம்மாள் படத்தையும் கொடுத்து, ஆண்டவர் உன் பொறுமைக்குப் பலன் கொடுப்பார் போம்மா என்று அனுப்பிவைத்தேன்.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ரயில்வே கேட் தாண்டுகிற வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். அப்புறம் நடுத்தெருவில் நின்று, அந்தப் புள்ள கையைப் பாத்தீங்களா, மணிக்கட்டுக்கு மேல எப்படிக் கன்னிப்போயிருந்துச்சு பாத்தீங்களா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. என் கையை அது பிடித்திருக்கிறது, நான் அதன் கையைப் பார்க்கவில்லை. உங்களுக்கு மைக்குதான் தெரியும், நம்ம புள்ளைக்கும் இதையேதான போன்ல ஓதுனீங்க, எனக்கு உங்க பொறுமையும் நக்கோ, ஒண்ணும் நக்கோ, வேணவே வேணாம், கட்டிக்குடுத்தாங்க கட்டிக்குடுத்தாங்கன்னு வருஷா வருஷம் படிக்கிறீங்களே, அந்த அப்பன் ஆத்தா அதுக்கப்புறம் எங்க போனாங்க, மக அடிவாங்குறது அவங்க காதுல விழலையா என்று கேட்டாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் கிடையாதே.

வீட்டுக்கு வந்து என்னிடம் இருக்கும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். கட்டிக்கொடுத்ததோடு சரி, அதற்கப்புறம் பெற்றவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. இத்தனை வருஷம் அந்தக் கதையில் ரீத்தம்மாளைப் பார்த்தேன், அந்த முரடனைப் பார்த்தேன், மூன்றாவதாக ஒரு மனிதன் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் யார் என்று இப்போது தெரிகிறது. உன்னைப் பெண் பார்க்க வந்தபோது பையனுக்கு ஹைடெக் சிட்டியில் வேலை, அடுத்த வருஷம் அமெரிக்கா என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் சம்மதத்தைக் கேட்டுத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கேட்டேன், மண்டபம் பேசிய பிறகு கேட்டேன். தவக்காலத்தில் நீ, அப்பா என்னால முடியலப்பா, கையை முறுக்கிட்டாரு, ஐ வான்ட் டு கம் ஹோம் என்று அழுதபோது நான் ரீத்தம்மாளை நினைத்துக்கொள்ளம்மா என்று சொல்லி நவநாள் ஜெபப் புத்தகத்தை ஏர்மெயிலில் அனுப்பினேன். நீ ஓகேப்பா என்றாய். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் எல்லாம் ஓகேப்பா என்றுதான் சொல்கிறாய், நானும் ஜெபம் பலித்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

ஞாயிறு முழுக்க பங்கின் அன்பியக் குழுக்களில் ஒவ்வொருவராகக் கேட்டு அந்தப் பெண்ணின் விலாசத்தை வாங்கிக்கொண்டு நேற்று பட்டான்செருவுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து போகும்போது மருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. மீசையும் சிவந்த கண்ணுமாக ஒரு ரௌடியைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவனோ இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக வாங்க சார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு கூல்ட்ரிங்ஸ் வாங்கிவந்து கொடுத்தான். பிரசன்னாவும் என்னை மாமா என்று எவ்வளவு தன்மையாகக் கூப்பிடுவார், எனக்கு வைட்டமின் மாத்திரை அனுப்புகிறவர் ஆயிற்றே. அமலி சமையலறைக் கதவோரம் நின்று, எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு ஐயா என்றாள். உன் குரலைக் கேட்ட மாதிரியே இருந்தது. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவன் முன்னாலேயே, அம்மாடி, கோயில்ல நான் படிச்சது சரியில்ல, யாரும் யார்கிட்டயும் அடிவாங்கிப் பொறுத்துக்கணும்னு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்கு நீ எந்நேரமும் வரலாம் என்று சொல்லி விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, புருஷன் பொண்டாட்டி விஷயம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பயம். நான் போனதற்காகவே அவளை இன்னும் அடிப்பானோ என்று நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை

மேலே எழுதியதை முடிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். இன்று காலையில் அமலி வந்துவிட்டாள். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை, உதடு வீங்கியிருந்தது. நான் பயந்தது நடந்துதான் இருக்கிறது, அந்த உதட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முதலில் சாதம் போட்டாள், பிறகு உன் பீரோவைத் திறந்து மஞ்சள் சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள். அமலியின் குட்டிப் பெண் உன் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குகிறது. நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்துவிட்டது. ஊரான் பெற்ற மகளுக்காக இந்த வெயிலில் பட்டான்செரு வரைக்கும் போனேன். நான் பெற்ற மகளுக்கு ஜெபப் புத்தகம் அனுப்பினேன்.

பங்குச் சாமியாரைப் பார்த்து மனம் விட்டுப் பேசினேன். அடிக்கிற வீட்டில் கிடந்து சாக வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் பிரிந்து வந்துவிடலாம், அது பாவமே இல்லை என்றார். பாவமோ என்ற பயம் உனக்கு இருந்தால் அதை விட்டுவிடு. எனக்கு இருந்த பயம் வேறு. கோயிலில் வரலாறு படிக்கிற சூசைராஜ் மகள் வாழாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று வாசலில் நின்று பேசுவார்களே என்று பயந்தேன் ஜெசிந்தா. பாவம் ரீத்தம்மாள், அவள் மேல் பழியைப் போடக் கூடாது. என் பயத்தைத்தான் அவள் பெயரில் உனக்குச் சொன்னேன். நீ அங்கே தனியாகக் கிடந்து பட்டதற்கு மாப்பிள்ளையைப் போலவே நானும் காரணம். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, உடனே மன்னித்துவிடுவாய், அது எனக்கு ரொம்ப சுலபமாகப் போய்விடும். முதலில் வந்து சேர், அப்புறம் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அம்மாவிடம் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வந்தால் இங்கே என்ன செய்வது என்று யோசிக்காதே. நீ முன்பு வேலை பார்த்த ஸ்கூலில் டீச்சருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அறையில் ஆள் இருக்கிறதே என்றும் நினைக்காதே, நீங்கள் எல்லோரும் உள்ளே படுங்கள், எனக்குக் கூடத்தில் பாய் போதும். யார் என்ன கேட்டாலும் நான்தான் வரச் சொன்னேன் என்று நானே கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொள்கிறேன்.

பரலோக மாதாவும் உன் பெயர் கொண்ட புனிதையும் உன்னைக் கையில் ஏந்திக் காக்கட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பாஸ்போர்ட்டை மாப்பிள்ளைதான் பூட்டி வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை சொன்னாய், எப்படியாவது எடுத்து அனுபமாவிடம் கொடுத்து வை, எந்த நாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன். எடுக்க முடியவில்லை, வர முடியவில்லை என்றால் கலங்காதே. பாஸ்போர்ட் ஆபீஸில் நேற்று நானும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், விசாவுக்கும் பேகம்பேட்டை அமெரிக்கத் தூதரகத்தில் போய் நிற்பேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், போர்டைப் படித்துப் படித்தே உங்கள் ஊருக்கு வந்துவிடுவேன். கதவைத் தட்டும்போது யார் என்று மாப்பிள்ளை கேட்டால், ஜெசிந்தாவின் அப்பா வந்திருக்கிறேன் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சூசைராஜ்